முரட்டு மீனுக்கு ஏற்ற துணை

ஓசூரிலிருந்து ஓர் அன்பர் நமக்கு எழுதியிருக்கிறார். கணவன், மனைவி இருவருக்கும் தொழிற்பேட்டையில் உத்தியோகம். வீட்டில் இரண்டு குழந்தைகள். குழந்தைகளின் பிடிவாதத்தின்பேரில் நாலடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினாராம். 'கான்விக்ட்' என்று கடைக்காரர்கள் சொல்லும், கைதியின் சட்டையைப்போல் கறுப்பு வரி போட்ட மீனில் ஒரு ஜோடி. 'பிளாக் விடோ'வில் ஒரு ஜோடி. 'டைகர் பார்ப்'பில் ஒரு ஜோடி. 'ரோஸி பார்ப்'பில் ஒரு ஜோடி. எட்டு மீனும் முதல் நாள் தொட்டி முழுவதும் ஓடித் திரிந்தன. ஆறு வாரத்திற்குள் கான்விக்ட் இரண்டு மட்டுமே மிஞ்சின. "காலையில் எழுந்ததும் குழந்தைகள் தொட்டியருகே போய் எண்ணிப் பார்க்கிறார்கள். இப்போது எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. இந்த முரடுகளோடு வைத்தால் உயிர் பிழைக்கக்கூடிய நடுத்தர அளவு மீன் எது?" என்பது அவருடைய கேள்வி.

எந்த மீன் என்பதைச் சொல்லத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை மீன் என்பதே அது. அன்பரின் கடிதத்தில் 'ஜோடி' என்ற சொல் நான்கு தடவை வருகிறது. அவருடைய மீன்கள் மடிந்ததற்குக் கான்விக்டின் முரட்டுக் குணம் பாதிக் காரணம் என்றால், இந்த ஜோடிக் கணக்கு மற்றப் பாதிக் காரணம்.

ஓசூர்க் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குவது யாவரும் அறிந்ததே. மீன்கடைக்காரர் ஒரே மூச்சில் மூன்று பாஷையிலும் விலை சொல்வார். தமிழருக்கு 'ஜோடி', தெலுங்கருக்கு 'ஜத', கன்னடத்தாருக்கு மறுபடியும் 'ஜோடி'. பாஷை மாறினாலும் கணக்கு மாறுவதில்லை. "ஒரு ஜோடி போதுமா, அண்ணா?" என்று குடும்பத் தலைவி கேட்டால், "போதும் அக்கா, வேறே தினுசிலே இன்னொரு ஜோடி எடுத்துக்கங்க, தொட்டி கலர்கலரா இருக்கும்" என்பார் அவர். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. கொளத்தூர் மொத்தச் சந்தையிலும் பெங்களூரிலும் அவர் எப்படி வாங்குகிறாரோ, அப்படியே விற்கிறார். வாங்குகிற நாமும் மீனைப் பொம்மையைப்போல் ஜோடி சேர்த்து அடுக்கிப் பார்க்கவே ஆசைப்படுகிறோம். ஆனால் ஜோடியாக வாழ்வது கான்விக்டின் சுபாவம். டைகர் பார்ப்பின் சுபாவம் கூட்டமாக வாழ்வது. இரண்டையும் ஒரே கணக்கில் வாங்கினால், ஜோடியாக வாழும் மீன் குடித்தனம் நடத்தும். கூட்டமாக வாழும் மீன் அநாதையாகி விடும்.

ஸிக்லிட் ஜாதி என்றால் என்னவென்று சிலருக்குப் புதிதாக இருக்கலாம். கிருஷ்ணகிரி ஜில்லாவில் உள்ளவர்கள் அதைக் கண்ணால் கண்டும் நாவால் அறிந்தும் இருக்கிறார்கள். 1957-இல் தென்பெண்ணையின் குறுக்கே திறந்து வைக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணைக்குப் பொழுதுபோக்காகச் செல்கிறவர்கள், அங்கே எண்ணெயில் பொரித்துக் கொடுக்கும் ஜிலேபிக் கெண்டையைச் சாப்பிட்டிருப்பார்கள். அந்த ஜிலேபியும் ஒரு ஸிக்லிட் மீனே. பெயரைப் பார்த்து நம் ஊர் மீன் என்று எண்ணிவிட வேண்டாம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இனப்பெருக்க காலத்தில் ஆண் மீன் அடிமணலில் வட்டமாகக் குழி பறித்து, அக்குழிக்கு அருகே வரும் எதையும் துரத்தும். பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும். நம் தேசத்திற்கே உரிய ஸிக்லிட் மீன்கள் மூன்றே மூன்று. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவது ஒன்று. மஞ்சள் உடலில் புள்ளிகள் கொண்ட சிறு மீன் ஒன்று. கன்னட நாட்டு ஆற்றில் வாழ்வது ஒன்று. கடைகளில் விற்கும் ஆஸ்கார், ஸிவரம், கான்விக்ட், ஜாக் டெம்ப்ஸி முதலியன தென் அமெரிக்காவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. 1919 முதல் 1926 வரை உலக மல்யுத்த வீரர்களையெல்லாம் மிஞ்சிய புகழுடன் குத்துச்சண்டை மகுடம் தரித்திருந்த ஜாக் டெம்ப்ஸியின் பெயரை ஒரு மீனுக்கு வைத்திருக்கிறார்கள் என்றால், அதன் குணத்தைப் பற்றி நாம் வேறு வர்ணிக்க வேண்டியதில்லை.

இந்த ஜாதியின் கோபத்திற்கு மூலம் பிள்ளைப் பாசம். பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதும் திரும்பிப் பாராமல் போய்விடுகின்றன. ஸிக்லிட் அப்படியன்று. கான்விக்ட் மீனில் தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கும். காவலுக்கு எல்லை வேண்டும். எல்லை என்று வந்துவிட்டால் சண்டையும் வரும். ஆற்றில் துரத்தப்பட்ட மீன் பத்தடி அப்பால் போய்விடும், சண்டை அதோடு முடியும். தொட்டியிலோ நாலடிக்கு மேல் ஓட இடமில்லை. ஆகையால் துரத்துகிற மீனுக்கு, எதிரி இன்னும் போகவில்லை என்றே தோன்றுகிறது.

அப்படியானால் முரட்டு மீனைத் தனியே விட்டுவிடலாமே, துணை எதற்கு என்று கேட்கலாம். சிலவற்றிற்கு அதுதான் சரி; அதைப் பின்னர் சொல்கிறோம். ஆனால் பல ஸிக்லிட் மீன்களுக்குத் துணை இல்லாவிட்டால் வேறொரு தொல்லை உண்டாகிறது. தனியே இருக்கும்போது அவை கல்லிடுக்கில் ஒளிந்துகொண்டு, மனித நிழல் பட்டாலே நடுங்குகின்றன. கலிபோர்னியாவில் மீன்களின் நடத்தையை ஆராய்ந்த ஜார்ஜ் பார்லோ என்னும் அறிஞர் 1968-இல் இதைப் பற்றி எழுதினார். தொட்டியின் மேற்பாகத்தில் அச்சமின்றிச் சுற்றித் திரியும் சிறு மீன் கூட்டம் ஒன்று இருந்தால், அதைக் கண்டு ஸிக்லிட் மீனும் பயம் தெளிந்து வெளியே வருகிறது என்பது விஷயம். காட்டில் குருவிகள் கூச்சலிட்டுக் கொண்டிருக்கும் வரையில் மான் நிம்மதியாய் மேய்வதைப் போன்றதே இது. திறந்த வெளியில் கூட்டம் உலாவுகிறது என்றால், மேலேயிருந்து கொக்கோ மீன்கொத்தியோ வரவில்லை என்று அதற்குப் புலப்படுகிறது. மற்றொரு பயனும் உண்டு. துரத்துவதற்கு வெளி ஆள் இருந்தால், கணவன் மீன் மனைவி மீனின் மேல் பாய்வது குறைகிறது. மனித சமூகத்தில் இதற்கு உதாரணம் தேட நாம் முற்படவில்லை.

ஆனால் இந்த உத்தியோகத்தை இரண்டு மீன்கள் பார்க்க முடியாது. இரண்டே மீன் இருக்கும்போது முரடன் ஒன்றைக் குறி வைத்தால், அது தப்பிக்க வழி கிடையாது. காலையில் துரத்தல், மாலையில் துரத்தல், இராத்திரி விளக்கணைந்த பிறகும் துரத்தல். முதலில் வால் துடுப்பு கிழியும். பிறகு அந்த மீன் தொட்டியின் மேல் மூலையில், மூச்சுக் குழாயின் பின்னால், சாய்ந்தபடி நிற்கும். மூன்றாம் நாள் எண்ணிக்கையில் ஒன்று குறையும். பத்து மீன்கள் சேர்ந்து திரும்பினால் கதை வேறு. பாய்கிற மீனின் கண் ஒன்றன்மேல் பதியுமுன் அது கூட்டத்திற்குள் மறைகிறது. வேறொன்று குறுக்கே வருகிறது. இரண்டு மூன்று முறை வீணாய்ப் பாய்ந்தபின் முரடனுக்கே அலுத்துப் போகிறது. கூட்டமாக இருக்கும்போது டைகர் பார்ப் முதலிய மீன்களின் குறும்பும் தங்களுக்குள்ளேயே கழிந்துவிடும். இரண்டாக விட்டாலோ, அவை பக்கத்து மீனின் துடுப்பைக் கடிக்கத் தொடங்கும்.

எட்டுக்குக் குறைந்து வாங்குவதில் பிரயோஜனமில்லை என்பது நமது அபிப்பிராயம். பத்து உத்தமம். நாலு தினுசில் ஜோடி ஜோடியாக வாங்கும் பணத்திற்கு ஒரே தினுசில் எட்டு வாங்கலாம். தொட்டி கலர்கலராக இராது, வாஸ்தவம். ஆனால் ஒரே மாதிரியான பத்து மீன்கள் ஒரே கணத்தில் பக்கம் திரும்புகிற காட்சியைக் கண்டவர்கள், கலரைப் பற்றிக் குறை சொல்லமாட்டார்கள்.

இனி அளவு. நடுத்தரம் என்று அன்பர் எழுதியிருப்பது சரியே. ஸிக்லிட் மீனுக்கு ஒரு எளிய சட்டம் உண்டு. வாய்க்குள் அடங்குவது ஆகாரம், அடங்காதது அயலான். ஓரடி வளர்ந்த ஆஸ்கார், மூன்றங்குல ஒல்லி மீனை ஒரே வாயில் விழுங்கிவிடும். ஆகவே நீளத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. உடலின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஒல்லியாயும் நீளமாயும் இருப்பதைவிட, தட்டையாயும் உயரமாயும் உள்ள மீன் பெரிய வாய்க்குத் தப்பும். அதே சமயம், கூட்ட மீன் மிதமிஞ்சிப் பெரிதாகிவிட்டாலும் வீட்டுத் தொட்டி தாங்காது. கடையில் இரண்டங்குலக் குட்டியாக, வெள்ளித் தகடுபோல் மின்னி மனத்தைக் கவரும் 'டின்பாயில் பார்ப்' ஓரடிக்கு மேல் வளரும். 'பாலா ஷார்க்' என்று விற்கப்படுவதும் அப்படியே. அது சுறாவும் அன்று, முரடும் அன்று. சத்தம் கேட்டாலே கண்ணாடியில் முட்டிக் கொள்ளும் பயங்கொள்ளி. அவற்றில் பத்து வாங்கி நாலடித் தொட்டியில் அடைப்பதை மீன் வளர்ப்பு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நாலு முதல் ஆறு அங்குலத்திற்குள் வளரும் கூட்ட மீன்களில், நாம் முதலிடம் கொடுப்பது நம் தென்னாட்டு ஆறுகளைச் சேர்ந்த 'பிலமெண்ட் பார்ப்' மீனுக்கே. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. குட்டியாக இருக்கும்போது கடைத் தொட்டியில் இதை ஒருவரும் திரும்பிப் பாரார்.  ஒரு வருஷம் பொறுத்திருந்தால், ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழைகள் நீண்டு, நீந்தும்போது அலைந்தாடும். உடல் நாலைந்து அங்குலம் வளரும், உயரமும் உண்டு. சுறுசுறுப்பானது, துரத்தினால் ஓடும், ஓடியபின் பயத்தை மறந்து திரும்பி வரும். முரடனுக்குத் துணையாக இருக்கும் மீனுக்கு இந்த மறதி பெரிய குணம். இம்மீனின் ஜாதிக்கு 2012-இல் இலங்கை விஞ்ஞானி ரோகன் பெதியகொடவும் அவருடைய கூட்டாளிகளும், ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேய உயிரியல் அறிஞரின் பெயரைச் சூட்டினார்கள். நம் ஊர் ஆற்றுக் கெண்டைக்கு ஆங்கிலேயர் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள், பெயர் வைத்தவர்கள் நம் அண்டை வீட்டாரே என்று ஆறுதல் கொள்ளலாம்.

இரண்டாவது, 'ஜயண்ட் டேனியோ'. இதுவும் நம் மலையோர ஓடைகளைச் சேர்ந்ததே. நாலங்குலம் வளரும், நீலமும் பொன்னும் கலந்த கோடுகள். வேகத்தில் இதற்கு இணை சொல்வது அரிது. தொட்டியின் மேல்தட்டிலேயே ஓயாமல் ஓடிக் கொண்டிருப்பதால், அடித்தளத்தைத் தன் பட்டா நிலமாகக் கருதும் கான்விக்டுக்கு இதனோடு தகராறு அதிகம் வராது. குறை ஒன்றுண்டு. உடல் ஒல்லி, ஆகையால் வளர்ந்த ஆஸ்காருடன் வைப்பது உசிதமன்று. அன்றியும் அது தாவும் மீன். தொட்டிக்கு மூடி இல்லாவிட்டால் காலையில் தரையில் பெருக்கி எடுக்க வேண்டி வரும்.

ஆஸ்கார் வைத்திருப்பவர்களுக்கு 'ஸில்வர் டாலர்' தகுந்தது. அமேஸான் பிரதேசத்து மீன். வெள்ளி ரூபாயைப்போல் வட்டமாகவும் தட்டையாகவும் ஐந்தாறு அங்குலம் வளரும். அந்த வட்டம் ஆஸ்காரின் வாய்க்குள் அடங்காது. ஆறு ஏழாக வைத்தால் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். தொட்டியில் செடி வைத்திருந்தால் ஒரே வாரத்தில் தின்று தீர்த்துவிடும். ஆனால் ஆஸ்கார் இருக்கிற தொட்டியில் செடி எப்படியும் வேரோடு பிடுங்கப்படும் என்பதால் அதை ஒரு குறையாகச் சொல்வதற்கில்லை. இதை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. இதே வடிவத்தில், வயிறு மட்டும் சிவந்த குட்டி மீன்களைப் 'பிரானா' என்ற பெயரில் சில கடைகளில் விற்கிறார்கள். அவை பெரும்பாலும் பாக்கு என்னும் மீனின் குட்டிகள். ரூப்சந்த் என்று பண்ணைகளில் வளர்த்து உணவுக்கு விற்கப்படுவதும் அதுவே. இரண்டடிக்கு மேல் வளரக்கூடிய அதைக் கூடத்துத் தொட்டியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டைகர் பார்ப், ரோஸி பார்ப் இரண்டும் நல்ல மீன்களே. அன்பர் வீட்டில் அவை மடிந்தது அவற்றின் குற்றமன்று. இரண்டரை மூன்று அங்குலத்தோடு நின்றுவிடுவதால் ஆஸ்கார், ஜாக் டெம்ப்ஸி முதலிய பெரிய வாய்களுக்கு இவை இரை. கான்விக்ட் அளவுள்ள மீனோடு, நன்கு வளர்ந்த மீன்களாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு விட்டால் பிழைக்கும். ரோஸி பார்ப் குளிரைத் தாங்கும் என்பது ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. பிளாக் விடோவை முரட்டு மீன் தொட்டியில் விடவே வேண்டாம். அது இரண்டங்குல மீன். அதற்குச் சாயம் ஏற்றி நீலமாகவும் ரோஜா நிறமாகவும் விற்கும் வழக்கத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நமது பேனா கட்டுக்கடங்காது, நிறுத்திக் கொள்கிறோம்.

'மிஸ் கேரளா' என்ற செல்லப் பெயருடைய மீனைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். கறுப்புக் கோடும், அதன்மேல் சிவப்புக் கோடும் ஓடும் அழகிய கூட்ட மீன். பிரான்ஸிஸ் டே என்பவர் 1865-இல் இதை வர்ணித்து, அப்போது சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் வில்லியம் டெனிஸனின் பெயரை இட்டார். வேகம், அளவு, குணம் எல்லாவற்றிலும் நமது தேவைக்குப் பொருந்தும். என்றாலும் நாம் சிபாரிசு செய்வதற்கில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளில் மட்டுமே வாழும் இம்மீனை ஏற்றுமதிக்காக வலைபோட்டு வாரியதால், அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் வரிசையில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைச் சேர்த்திருக்கிறது. முரட்டு மீனின் பயம் தெளிவதற்காக அதை ஆற்றிலிருந்து கொண்டு வருவானேன்?

எந்த மீனைத் தேர்ந்தெடுத்தாலும், வீட்டு ஜலத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஆழ்துளைக் கிணற்று ஜலம் பெரும்பாலும் கடினமானது. ஜலம் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் பொருக்கே அதற்கு அத்தாட்சி. பல கிராமங்களில் ப்ளோரைடு மிகுந்து பற்களையும் எலும்பையும் கெடுத்து வந்ததை முன்னிட்டே, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. கான்விக்டும் ஜாக் டெம்ப்ஸியும் மத்திய அமெரிக்காவின் கடின ஜலத்தில் வாழ்ந்தவை. நம் கிணற்று ஜலம் அவற்றிற்குச் சௌகரியமே. அவற்றோடு கூட்டாளியாக விட, நியூகினித் தீவின் அயமாரு ஏரிகளிலிருந்து வந்த 'ரெயின்போ' மீனும் ஏற்றது. முன் பாதி நீலமும் பின் பாதி ஆரஞ்சுமாக, இரண்டு மீனை வெட்டி ஒட்டினாற்போல் இருக்கும்; நாலங்குலம் வளரும்; கடின ஜலமே அதற்கும் இயற்கை. விலைதான் சற்று அதிகம்.

ஒகேனக்கல் ஜலம் வரும் வீடுகளில் வேறு சங்கடம். அதில் குளோரின் கலந்திருக்கும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தோ, கடையில் விற்கும் குளோரின் முறிப்பு மருந்தைச் சொட்டு விட்டோ உபயோகிக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு வாரம் ஆற்று ஜலம், மறு வாரம் லாரியில் வந்த கிணற்று ஜலம் என்று மாற்றி மாற்றி ஊற்றலாகாது. மீன் எந்த ஜலத்திற்கும் மெள்ளப் பழகும். ஆனால் ஒரே நாளில் பழகாது. இரண்டும் வருகிற வீட்டில் ஒரு பீப்பாயில் கலந்து வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை தொட்டி ஜலத்தில் நாலில் ஒரு பங்கை மட்டும் மாற்றுவது நலம். தென்பெண்ணை இருக்கிறதே என்று கெலவரப்பள்ளி அணைப் பக்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பெங்களூர்க் கழிவுகளைச் சுமந்து வரும் அந்த ஆறு, அணையைத் தாண்டும்போது பல வருஷங்களில் வெண்ணுரையை மலைபோல் எழுப்பியிருப்பதைப் பத்திரிகைகளில் படத்தோடு பார்த்திருப்பீர்கள்.

சீதோஷ்ணமும் கவனிக்கத்தக்கது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலும், 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மார்கழி இரவில் ஓசூர்த் தொட்டியிலுள்ள ஆஸ்காரும் ஸில்வர் டாலரும் சூடேற்றும் கருவியின்றி வாடும், உணவை மறுக்கும். பிலமெண்ட் பார்ப்பும் டேனியோவும் அவ்வளவாகச் சிரமப்படமாட்டா. கிருஷ்ணகிரியில் சித்திரை மாதத்துத் தொல்லை வேறு. ஜலம் சூடேறினால் அதில் கரைந்துள்ள காற்று குறையும். ஓடித் திரியும் கூட்ட மீனுக்கே முதலில் மூச்சுத் திணறும். மின்சாரம் நின்றுபோகும் நேரத்தில் காற்றுக் குழாய்க்கு மின்கலம் ஒன்று இருப்பது அவசியம்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி ஒன்பது கன அடி. அதாவது சுமார் 255 லிட்டர். கல்லும் மணலும் மேல் இடைவெளியும் போக 220 லிட்டர் ஜலம் இருக்கும். இதில் ஒரு ஜோடி கான்விக்டும் பத்துக் கூட்ட மீனும் வாழலாம். ஆஸ்காருக்கு இது போதாது. ஆறடித் தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவதே மேல். இரண்டடித் தொட்டியில் முரட்டு மீனும் கூட்ட மீனும் என்ற பேச்சுக்கே இடமில்லை. மலேயாவில் சென்ற நூற்றாண்டின் இறுதியில் கலப்பினமாக உண்டாக்கப்பட்ட 'ப்ளவர்ஹார்ன்' மீனுக்கு எந்தத் துணையும் தேட வேண்டாம். தலைப் புடைப்பும் பக்கவாட்டு எழுத்தும் அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி அதை வாங்குகிறார்கள். அந்த அதிர்ஷ்டம் பக்கத்தில் விடப்பட்ட மீனுக்குக் கிட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இனி அன்பரின் தொட்டியைச் சீர்படுத்தும் விதம். கான்விக்ட் இரண்டும் இப்போது தொட்டி முழுவதையும் தங்கள் சொத்தாக எழுதிக் கொண்டிருக்கும். அந்த நிலையில் எத்தனை உயர்ந்த மீனை உள்ளே விட்டாலும் பலிதான். புதிதாக வாங்கும் பத்து பிலமெண்ட் பார்ப்புகளையும் முதலில் இரண்டு வாரம் வேறு பாத்திரத்தில், காற்றுக் குழாயுடன் வைத்துப் பார்க்க வேண்டும். உடலில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளி தோன்றுகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். பிறகு கான்விக்டுகளை வெளியே எடுத்து, தொட்டியிலுள்ள கல், மண்சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்குங்கள். ஒரு பாதியில் கல்லும் சட்டியும் நெருக்கமாக இருக்கட்டும். மறு பாதி ஓடுவதற்கு வெட்டவெளியாக இருக்கட்டும். கூட்ட மீனை முன்னதாகத் தொட்டியில் விட்டுப் பத்து நாள் பழகவிட்டபின், ஒரு நாள் மாலை விளக்கை அணைத்துவிட்டுக் கான்விக்டுகளைத் திரும்ப விட வேண்டும். பழைய சொத்தின் எல்லைக் கற்கள் காணாமற் போனதால், இம்முறை அவையே புதுக் குடிகள்.

தம்பதிகள் இருவரும் முறைவேலை பார்ப்பதாக அறிகிறோம். நள்ளிரவில் வேலை முடிந்து வீடு திரும்பியதும் தொட்டி விளக்கைப் பளிச்சென்று போடும் பழக்கம் இருந்தால் அதை விடவேண்டும். உறங்கும் கூட்டம் திடுக்கிட்டுச் சிதறும் அந்த நொடியில்தான் முரடனுக்கு வசதி. கூடத்து விளக்கை முதலில் போட்டுச் சற்றுக் கழித்துப் பாருங்கள். உயிருள்ள சிறு மீன்களை இரையாக வாங்கிப் போடுவதையும் அறவே தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். தொட்டியில் ஓடுவதெல்லாம் ஆகாரம் என்ற பாடத்தை நாமே அந்த மீனுக்குக் கற்பித்ததாக முடியும்.

கான்விக்ட் முட்டையிடும் காலத்தில் என்ன ஏற்பாடு செய்தாலும் சண்டை மூளும். முட்டை சுமார் மூன்று நாளில் பொரிந்து, அடுத்த ஒரு வாரத்திற்குள் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அதுவரை கூட்டம் முழுவதும் தொட்டியின் மறு பாதியில் ஒதுங்கி நிற்பதைக் காண்பீர்கள். துடுப்பு லேசாகக் கிழிவது தானே வளர்ந்துவிடும். ஒரு மீன் கூட்டத்தை விட்டு மூலையில் தனித்து நின்றால் மட்டும் அன்றைக்கே அதை எடுத்துவிட வேண்டும். காவல் சகிக்க முடியாதபடி போனால் ஜோடியில் ஒன்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. வருஷம் முழுவதும் நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிக்கும் மீனை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது என்று ராமநாயக்கன் ஏரிப் பக்கம் வாளியோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யலாகாது. தொட்டியிலிருந்து ஏரிக்குப் போன கண்ணாடி உறிஞ்சி மீன் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக் கொண்டிருக்கிறது. கடைக்காரர்கள் பலர் காசு கொடுக்காவிட்டாலும் குஞ்சுகளை வாங்கிக் கொள்வார்கள். வாங்குமுன் அதையும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.